இன்வெர்ட்டர் பேட்டரியை வெயில் எந்த இடத்தில் தின்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையில் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் உச்சியில், ஷீட் போட்ட சின்ன அறையில் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றை வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது கோடையில் அது கையை விரித்துவிட்டது. அதே பேட்டரியை அதே மாதத்தில் வாங்கிய உங்கள் அண்ணன் வீட்டில், கோத்தகிரியில், அது இன்னும் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் "சூடு தின்னுடுச்சு சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டெர்மினலில் பூத்துக் கிடந்த பச்சைப் பொடிதான் அந்த அரிப்பா, வெப்பம் உலோகத்தை எப்படி அரிக்கிறது, வாங்கப்போகும் மின்ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரிக்கும் இந்தக் கதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் சந்தேகப்படும் ஆள் வேறு, உண்மையில் கொன்ற ஆள் வேறு. டெர்மினலில் தெரியும் பொடி பெரும்பாலும் வெளிக்காயம். பேட்டரியின் ஆயுளை முடிப்பது உள்ளே, பாசிட்டிவ் பிளேட்டுக்குள் இருக்கும் ஈயச் சட்டகத்தின் அரிப்பு. அது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, கரன்ட் போகாத நாட்களிலும் நடந்துகொண்டே இருக்கும். வெப்பம் அதைத்தான் முடுக்கிவிடுகிறது.

முதலில் அந்தப் பொடியை ஒதுக்கிவிடுவோம். சார்ஜ் ஆகும்போது செல்களிலிருந்து கிளம்பும் வாயு, நுண்ணிய ஆசிட் துளிகளையும் கூடத் தூக்கிக்கொண்டு மூடி வழியாக வெளியே வருகிறது. அது டெர்மினலில் படிந்தால் ஈயம் வெள்ளை நிற ஈய சல்பேட்டாகும். வயர் முனையில் இருக்கும் செம்பு லக்கும் பித்தளைக் கவ்வியும் நீலம் கலந்த பச்சையாகப் பூக்கும், அது செம்பு சல்பேட். இரும்பு போல்ட் இருந்தால் துருவும் சேரும். சூடு கூடினால் வாயுவும் கூடும், ஆகவே கோடையில் இந்தப் பூப்பும் அதிகம். இதன் கெடுதல் என்னவென்றால், இணைப்பில் மின்தடை ஏறிவிடுகிறது. 800 வாட் அளவுக்கு வீட்டில் சுமை ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 75 ஆம்பியர் வரை இழுக்கும். இணைப்பில் 5 மில்லிஓம் தடை கூடியிருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் 28 வாட் வெப்பம் பிறக்கும். டிவி மெக்கானிக் கையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். டெர்மினல் உருகி வழிந்த பேட்டரிகள் பெரும்பாலும் இப்படித்தான் உருகுகின்றன. ஆனால் இதைச் சரிசெய்வது எளிது. இன்வெர்ட்டரை அணைத்து, இணைப்பைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, இறுக்கி முடுக்கி, மேலே வேசலின் தடவினால் போதும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் எச்சரிக்கை.

இப்போது உள்ளே போவோம். ஈய-ஆசிட் செல்லில் நெகட்டிவ் பக்கம் பஞ்சு போன்ற ஈயம், பாசிட்டிவ் பக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஈய டை ஆக்சைடு வெறும் பொடிப் பசை. தானாக நிற்காது, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தாது. அதைத் தாங்கிப் பிடிக்கவும் மின்சாரத்தை வெளியே கொண்டுவரவும் ஈயக் கலவையில் வார்த்த ஒரு சட்டகம் வேண்டும். தட்டைப் பிளேட்டில் அது வலை போல இருக்கும், கிரிட் என்பார்கள். டியூபுலர் பேட்டரியில் வரிசையாகக் கம்பிகள் நிற்கும், ஸ்பைன் என்பார்கள். ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் துணிக் குழாய், குழாய்க்குள் பொடி.

சிக்கல் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஒரே அமிலத்தில் எதிரெதிரே நின்றால் 2 வோல்ட் பிறக்கும், அதுதான் நாம் காசு கொடுத்து வாங்கும் மின்சாரம். ஆனால் பாசிட்டிவ் பிளேட்டுக்குள்ளேயே பாருங்கள்: கம்பி ஈயம், அதை ஒட்டிய பொடி ஈய டை ஆக்சைடு, நனைத்திருப்பது அதே அமிலம். அதாவது ஒவ்வொரு பாசிட்டிவ் பிளேட்டும் தனக்குள்ளேயே ஷார்ட் ஆன ஒரு குட்டி பேட்டரி. வேதியியல் கணக்குப்படி அந்தக் கம்பி என்றைக்கோ முழுவதும் ஆக்சைடாகி உதிர்ந்திருக்க வேண்டும். உதிராமல் இருப்பதற்கு ஒரே காரணம், கம்பியின் மேல் தானாகப் படியும் அடர்த்தியான ஆக்சைடுத் தோல். அந்தத் தோல் அமிலத்தை நேராக ஈயத்தின் மேல் படவிடாமல் தடுக்கிறது. தடுக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. ஆக்சிஜன் அந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தோல் தடிக்கும், அதற்கேற்ப உள்ளே ஈயம் மெலியும்.

பேட்டரியும் உலோக அரிப்பும் ஒரே வேதியியலின் இரண்டு முகங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பேட்டரியையும் அரிப்பையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வதும் அதனால்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களைக் காயவைத்து அரிப்பை அளக்கும் நிலையமும் அவர்களுக்கு உண்டு.

சரி, வெப்பம் என்ன செய்கிறது? ஆக்சைடுத் தோலைக் கடக்க ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் தேவை, தாண்ட வேண்டிய மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெப்பநிலையிலும் பெரும்பாலான அணுக்களுக்கு அந்த ஆற்றல் இருக்காது. மிகச் சிலவற்றுக்கே இருக்கும். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் தனி வெப்பநிலைக் கணக்கில் அது 298 கெல்வினிலிருந்து 308 கெல்வின், வெறும் 3 சதவீத உயர்வு. ஆனால் மேட்டைத் தாண்டக்கூடிய அந்தச் சிறுபான்மை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரேனியஸ் 1889இல் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான். பேட்டரிக்காரர்கள் இதை ஒரு கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள்: 8 முதல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. 25 டிகிரியில் பத்து ஆண்டு ஓட வேண்டிய ஸ்டேஷனரி (ஒரே இடத்தில் நிலையாக வைக்கும்) பேட்டரி 35 டிகிரியில் ஐந்து ஆண்டு, 45 டிகிரியில் இரண்டரை ஆண்டு. தினமும் ஆழமாக டிஸ்சார்ஜ் ஆகாமல், பெரும்பாலும் முழு சார்ஜில் காத்திருக்கும் பேட்டரிக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். நகரத்து வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தானே.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சராசரி வெப்பநிலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓர் அறை நாள் முழுக்க 35 டிகிரியில் இருக்கிறது. இன்னொன்று அரை நாள் 25, அரை நாள் 45. இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். 25 டிகிரியில் அரிப்பு வேகத்தை 1 என்று வைத்தால், முதல் அறையில் வேகம் 2. இரண்டாவது அறையில் அரை நாள் 1, அரை நாள் 4, சராசரி 2.5. இரவின் குளிர்ச்சி பகலின் சேதத்தை ஈடுகட்டுவதில்லை. போதாததற்கு, தண்ணீரும் ஈயமுமாக ஐம்பது அறுபது கிலோ எடை கொண்ட பொருள் சட்டென்று ஆறாது. பகலெல்லாம் ஷீட் அடியில் சூடேறியது, காற்றோட்டம் இல்லாத அறையில் விடிய விடியத்தான் தணியும். அதற்குள் அடுத்த வெயில் வந்துவிடும். கோத்தகிரியில் அறை வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் உங்கள் அறையில் பேட்டரி 38 டிகிரியிலும் இருக்கிறது என்று வைத்தால், அரிப்பு வேகம் மூன்றரை மடங்கு. இரண்டு வீட்டுப் பயன்பாடும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், நீங்கள் சொன்ன வித்தியாசத்துக்கு இதுவே போதுமான விளக்கம்.

இதில் வெப்பம் ஆளை ஏமாற்றும் வேலையும் செய்கிறது. சூடான பேட்டரி கூடுதலாகவே மின்சாரம் தரும். அமிலம் வேகமாக ஊடுருவும், உள்தடை குறையும். ஏப்ரல், மே மாதங்களில் "பேக்கப் பரவாயில்லையே" என்று தோன்றும். உள்ளே கம்பி மெலிந்துகொண்டிருப்பது தெரியாது. மழைக்காலம் வந்து கொஞ்சம் குளிர்ந்ததும் திடீரென்று அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும். "மழைக்காலத்தில்தான் போச்சு, வெயிலில் எப்படி?" என்று கேட்பவர்கள் நிறைய.

செத்த டியூபுலர் பேட்டரியை பட்டறையில் திறக்கும்போது பார்த்தால் கதை அப்படியே தெரியும். (வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். ஆசிட் ஒரு பக்கம், ஈயத் தூசி இன்னொரு பக்கம்.) நெகட்டிவ் பிளேட் சாம்பல் நிறத்தில், வடிவம் கெடாமல் இருக்கும். பாசிட்டிவ் பிளேட்டின் துணிக் குழாய்கள் சில கீழ்ப்பக்கம் பிதுங்கி, ஒன்றிரண்டு கிழிந்து, அடியில் காப்பிப்பொடி நிறத்தில் சேறு தேங்கி நிற்கும். குழாய்க்குள்ளிருந்து கம்பியை உருவினால் முழுதாக வராது. நடுவில் முறிந்துதான் வரும். முறிந்த முகத்தைப் பார்த்தால் வெளியே கறுத்த பழுப்பு வளையம், மையத்தில் பளபளக்கும் ஈயம் மெல்லிய புள்ளியாக. புதிதாக இருந்தபோது அந்த வளையம் முழுக்க ஈயமாக இருந்தது. சில கம்பிகளில் அந்தப் புள்ளியும் இல்லை. அந்தக் குழாயில் இருந்த பொடி நல்ல பொடிதான், ஆனால் மின்சாரத்தை வெளியே கொண்டுவர வழி அறுந்துபோனதால் அது இருந்தும் இல்லாததே.

அரிப்பு சமமாகவும் நடப்பதில்லை. ஈயம் உறையும்போது சிறு சிறு படிகங்களாகத்தான் உறைகிறது. படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோடு பலவீனமான இடம். அமிலம் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் கம்பி பருமனாகத்தான் இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். வார்ப்பு நன்றாக இல்லாத, உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்ட கம்பி இன்னும் சீக்கிரம் போகும். அதனால்தான் நல்ல டியூபுலர் பேட்டரிகளில் ஸ்பைனை உயர் அழுத்தத்தில் வார்க்கிறார்கள்.

மெலிவது ஒன்று, நீள்வது இன்னொன்று. ஈயம் ஈய டை ஆக்சைடாக மாறும்போது கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. கம்பியைப் போர்த்தியிருக்கும் தோல் இப்படி வீங்கும்போது உள்ளே இருக்கும் ஈயத்தை இழுக்கும். ஈயமும் இழுத்த இழுப்புக்கு வரும். அதன் உருகுநிலை 327 டிகிரி, அதாவது 600 கெல்வின். நம் அறை வெப்பம் 300 கெல்வின், உருகுநிலையில் சரிபாதி. இரும்பை உருகுநிலையில் பாதிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் 600 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், அப்போது அது செக்கச் சிவந்திருக்கும். ஈயம் நம் வீட்டு அறையில் சும்மா இருக்கும்போதே அந்த நிலையில்தான் இருக்கிறது. 45 டிகிரியில் இன்னும் தளர்ந்து கொடுக்கும். நாளடைவில் பிளேட் வளர்ந்து மூடியை முட்டும், பாசிட்டிவ் டெர்மினல் மேலே எழும்பும், மூடியில் விரிசல் விடும். உங்கள் பழைய பேட்டரி இன்னும் வீட்டில் இருந்தால் இரண்டு டெர்மினலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாசிட்டிவ் மட்டும் தூக்கி நின்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

இந்த வளர்ச்சியை எதிர்த்து மோதாமல், அதையே பயன்படுத்திக்கொண்ட ஒரு வடிவமைப்பு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் தொலைபேசி நிலையங்களுக்காக 1970களின் தொடக்கத்தில் உருளை வடிவ பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கலவை எதுவும் சேர்க்காத தூய ஈயத்தில், லேசாகக் குழிந்த வட்டக் கிரிட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வசத்தில் அடுக்கியது. கிரிட் அரிக்கப்பட்டு வளரும்போது எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளரும், பொடியுடனான பிடி விட்டுப்போகாமல் இருக்கும்படி வளையங்களைக் கணக்கிட்டிருந்தார்கள். அரிப்பை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகு யோசித்த யோசனை அது.

உலோகக் கலவையிலும் இந்தப் போராட்டம்தான். தூய ஈயம் மெத்தென்று இருக்கும், கையாள முடியாது. எனவே ஆன்டிமணி கலந்தார்கள். கெட்டியானது, ஆனால் அரிக்கப்படும்போது ஆன்டிமணி கரைந்து நெகட்டிவ் பிளேட்டில் போய்ப் படிந்து தண்ணீரை வேகமாக வாயுவாக்கிவிடும். நாம் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது அதற்கான தண்டனை. இந்த வேலையும் வெயிலில் வேகமெடுக்கும். ஆன்டிமணிக்குப் பதில் கால்சியம் கலக்கலாம் என்று பெல் ஆய்வகத்தில் 1935 வாக்கில் காட்டினார்கள். தண்ணீர் இழப்பு வெகுவாகக் குறைந்தது, இன்றைய சீல் செய்த பேட்டரிகள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. ஆனால் கால்சியம் சற்றுக் கூடினாலும் படிக எல்லைகளில் அரிப்பு கூடும், அதனால் மிகச் சிறிய அளவில் கலந்து, கூடவே வெள்ளீயமும் சேர்ப்பார்கள். 1990களில் கார்களின் பானட்டுக்கு அடியில் இடம் சுருங்கிச் சூடு ஏறியபோது, அந்தக் கலவையில் துளி வெள்ளியையும் சேர்த்தார்கள். காரணம் வெப்பம், வேறில்லை.

இனி சார்ஜர். வெப்பத்தின் கூட்டாளி இதுதான், இதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். 12 வோல்ட் பேட்டரியை முழு சார்ஜில் காத்திருக்க வைக்க 27 டிகிரியில் 13.5 முதல் 13.8 வோல்ட் போதும். (நம் நாட்டுத் தரநிலைகள் 27 டிகிரியை அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன, வெளிநாட்டுக் கையேடுகளில் 20 அல்லது 25 இருக்கும்.) பேட்டரி சூடானால் அதே வோல்ட்டேஜில் உள்ளே பாயும் மின்னோட்டம் 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்காகும். தேவைக்கு மேல் பாயும் இந்த மின்னோட்டம் தண்ணீரை உடைக்கும், பாசிட்டிவ் கிரிட்டை அரிக்கும், மிச்சம் வெப்பமாகி பேட்டரியை இன்னும் சூடாக்கும். ஆகவே சூடு ஏறினால் வோல்ட்டேஜை இறக்க வேண்டும். ஒரு செல்லுக்கு, ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லுக்கும் கணக்கிட்டால் 45 டிகிரியில் சுமார் 0.4 வோல்ட் இறக்க வேண்டும். நல்ல யுபிஎஸ்களிலும் சோலார் கண்ட்ரோலர்களிலும் பேட்டரி மேல் ஒட்டும் சின்ன சென்சார் ஒன்று வரும், அதன் வேலை இதுதான். விலை குறைந்த வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. சென்சார் வந்தும் அதைப் பேட்டரியில் ஒட்டாமல் இன்வெர்ட்டர் பின்னால் சுருட்டிக் கட்டிவைத்துவிட்டுப் போகும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் வோல்ட்டேஜை நன்றாகக் குறைத்து வைத்துவிடலாமே என்றால், அதுவும் ஆகாது. கிரிட்டுக்கு ஒரு நிம்மதியான வோல்ட்டேஜ் எல்லை இருக்கிறது, அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் அரிப்பு கூடும். முழு சார்ஜ் இல்லாமல் கிடக்கும் பேட்டரியில் ஆக்சைடுத் தோல் பலவீனமாகும். அடியோடு டிஸ்சார்ஜ் ஆகிக் கிடந்தால் அமிலம் கிட்டத்தட்ட தண்ணீராக நீர்த்துப்போய், ஈயம் அதில் கரையவே தொடங்கும். ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, பாதி சார்ஜில் பேட்டரியை வெயில் அறையில் விட்டுப்போவது மிக மோசமான பழக்கம். முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் போங்கள்.

தண்ணீர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. கோடையில் மட்டம் இறங்கினால் மிச்சமிருக்கும் அமிலம் அடர்த்தியாகும். அடர்த்தியான அமிலத்தில் கிரிட் வேகமாக அரிக்கும். வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தின் ஒப்படர்த்தியை (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) குறைத்து, 1.28க்குப் பதில் 1.24 என்று நிரப்புவதே இதற்காகத்தான். "பவர் குறையுது, ரெண்டு பாட்டில் ஆசிட் ஊத்துங்க" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடும் இரும்பும் இருக்கும், இரண்டும் ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது மழைத் தண்ணீர் மாதிரி சுத்தம் என்று நினைப்பு. தூசியும் செம்புக் குழாயின் உலோகச் சுவடும் அதில் கலந்திருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் விலைக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். புது பேட்டரியை அந்த ஷீட் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் கீழ்த்தளத்தில், நேர் வெயில் படாத, காற்று ஓடும் மூலை எதுவானாலும் சரி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடம் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். கதவு மூடிய அலமாரிக்குள் வேண்டாம், வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு தேங்கும். இன்வெர்ட்டருக்கு நேர் மேலேயோ ஒட்டியோ வைக்க வேண்டாம், சார்ஜ் ஆகும்போது இன்வெர்ட்டரே சூட்டைக் கக்கும். டிராலியில் வைப்பவர்கள் சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கீழே இடமே இல்லை, மேலேதான் வைத்தாக வேண்டும் என்றால் ஷீட்டுக்குக் கீழே ஒரு தடுப்புக் கூரையும் எதிரெதிரே இரண்டு ஜன்னலும் வையுங்கள். வெள்ளைப் பூச்சு அடித்தாலே சில டிகிரி இறங்கும். இன்வெர்ட்டர் வாங்கும்போது "டெம்பரேச்சர் காம்பன்சேஷன் இருக்கா" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் கையேட்டை வாங்கி நீங்களே பாருங்கள்.

மின்ஸ்கூட்டர் கேள்விக்கு வருவோம். லித்தியம்-அயான் செல்லில் தண்ணீர் இல்லை, கந்தக அமிலம் இல்லை, ஆனால் உலோகமும் அரிப்பும் உண்டு. உள்ளே இரண்டு தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பாசிட்டிவ் பக்கம் சுமார் 15 மைக்ரான் அலுமினியத் தாள், நெகட்டிவ் பக்கம் சுமார் 10 மைக்ரான் செம்புத் தாள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அலுமினியம் அங்கே தப்பிப்பது ஈயம் தப்பிக்கும் அதே வழியில், ஒரு தோலைப் போர்த்திக்கொண்டுதான். எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் ஹெக்சாஃபுளூரோஃபாஸ்பேட் என்ற உப்பு, அலுமினியத்தின் மேல் அலுமினியம் ஃபுளூரைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. இதைவிட வெப்பத்தைத் தாங்கும் உப்புகள் சில இருந்தும் அவற்றைத் தனியாகப் பயன்படுத்தத் தயங்குவதற்கு, அவை அலுமினியத்தை அரித்துவிடுவதும் ஒரு காரணம்.

ஆனால் காக்கும் அந்த உப்பு வெப்பத்தில் தானே சிதையும். 60 டிகிரியை நெருங்கும்போது, செல்லுக்குள் தப்பி நிற்கும் துளி ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற கடுமையான அமிலம் உருவாவது வேகமெடுக்கும். அது உலோகத் தாளையும் தாக்கும், பாசிட்டிவ் பொருளில் இருக்கும் மாங்கனீசு போன்றவற்றையும் கரைக்கும். இருந்தாலும் ஈய பேட்டரியைப் போல இங்கே உலோக அரிப்புதான் முதல் எதிரி என்று சொல்லமாட்டேன். லித்தியம் செல்லின் ஆயுளை வெப்பம் குறைப்பது பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம் கிராஃபைட்டின் மேல் படலம் தடித்து லித்தியத்தை விழுங்குவதால். அரிப்பு அதற்கு அடுத்த வரிசையில் நிற்கிறது, ஒரே ஒரு சூழலைத் தவிர.

அந்தச் சூழல், செல் அடியோடு வற்றுவது. வண்டியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தினால், தானாக வடியும் மின்சாரமும் உள்ளே இருக்கும் சர்க்யூட் இழுப்பதும் சேர்ந்து செல்லை மெல்லக் காலியாக்கும். சூட்டில் இந்த வடிதல் வேகம். வோல்ட்டேஜ் 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி பூஜ்யத்தை நெருங்கும்போது, அதுவரை பாதுகாப்பாக இருந்த செம்புத் தாள் எலக்ட்ரோலைட்டில் கரையத் தொடங்கும். கரைந்த செம்பு சும்மா இருக்காது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து, ஊசி போல வளர்ந்து, நடுவில் இருக்கும் மெல்லிய பிரிப்பானைக் குத்தி உள்ளுக்குள் ஷார்ட் செய்யும். செத்த லித்தியம் செல்லுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று இன்னொரு பேட்டரியை இணைத்து உசுப்பும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள். பூஜ்யத்தில் நெடுநாள் கிடந்த செல் உயிர் பெற்றது போலத் தெரிந்தாலும் உள்ளே செம்பு எங்கே வளர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

செல்லுக்கு வெளியே, பேட்டரி பேக்குக்குள் நடக்கும் அரிப்பு வேறு ரகம், கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. செல்களை இணைக்கும் பட்டை தூய நிக்கலாக இருக்க வேண்டும். மலிவான பேக்குகளில் நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டை வரும். பட்டையின் ஒரு மூலையை அரத்தால் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் இரும்பு பழுப்பாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும், நிக்கல் அப்படியே இருக்கும். பகலில் சூடாகி இரவில் ஆறும் பேக், ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் இருந்தால் பட்டையும் வெல்டிங் புள்ளிகளும் துருப்பிடிக்கும். இங்கே சூட்டைவிட, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதுதான் வில்லன். பென்சில் செல்களை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களுக்கும் இதே பதில்: வெளியே எடுத்ததும் தகரக் கூட்டின் மேல் வியர்க்கும், துரு அங்கே தொடங்கும்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பென்சில் செல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் ஹைட்ரஜனைச் சேமிக்கும் உலோகக் கலவையே பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெல்ல அரிக்கப்படுகிறது. 45 டிகிரிக்கு மேல் அது வேகம். சார்ஜரிலிருந்து எடுக்கும்போது கை பொறுக்காத சூடு இருந்தால் சார்ஜரை மாற்றுங்கள், செல்லை அல்ல.

ஸ்கூட்டர் வாங்கியதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் அரை மணி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நாள் முழுக்க நிறுத்தாதீர்கள், அன்றாட ஓட்டத்துக்கு 80 போதும். வாரக்கணக்கில் ஓட்டமாட்டீர்கள் என்றால் 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, நிழலில் நிறுத்தி, மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஈய பேட்டரியை முழு சார்ஜில் வைக்கச் சொன்னேனே என்று குழம்ப வேண்டாம், அதற்கு அது, இதற்கு இது.

பழைய டியூபுலரை எக்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு செல்லின் ஒப்படர்த்தியையும் ஹைட்ரோமீட்டரில் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டியும் பேக்கப் நிற்கவில்லை என்றால் கம்பிகள் அரித்துப் போயிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு செல் மட்டும் படுத்திருந்தால் அது வெயிலின் வேலையாக மட்டும் இருக்காது, உள்ளே ஷார்ட்டோ தயாரிப்புக் கோளாறோ இருக்கலாம். வாரண்டி நாள் மிச்சமிருந்தால் அந்தக் குறிப்போடு போய்க் கேளுங்கள்.